பெட்டி வந்தது, உபாத்தியாயர் எங்கே?

கம்ப்யூட்டர் யுகம் பிறந்துவிட்டது என்று மந்திரிமார் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். பிறந்துவிட்டது உண்மைதான். அது யார் வீட்டில் செல்லப் பிள்ளையாகப் பிறந்தது, யார் தலையில் பாரமாக வந்து இறங்கியது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரமக்குடி வட்டாரத்து விவசாயத் தொழிலாளியைப் பாருங்கள். ரேஷன் கடையில் விரலை வைத்தால்தான் அரிசி. களை பிடுங்கியும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்துபோன ரேகையை மிஷின் ஏற்காவிட்டால் அன்றைக்கு அலைச்சல்தான். நூறு நாள் வேலைக்குப் போனவர்களை 2023 ஜனவரி முதல் தினம் இரண்டு முறை கைப்பேசிச் செயலியில் படம் பிடித்தார்கள். கண்மாய்க் கரையில் சிக்னல் இல்லையென்றால் மண் சுமந்தவள் வேலைக்கு வராதவள் ஆனாள்! 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அதிலும் விரல் ரேகைதான் காவல்காரன். மிளகாய்க்கும் நெல்லுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டப் போகும் சம்சாரியின் சர்வே நம்பரை யாரோ ஒரு பையன் தப்பாகத் தட்டிவிட்டால், வறட்சியில் கருகிய பயிருக்கு ஒரு காசு வராது. எங்கே போய்க் கேட்பது? "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள்.

நூற்பாலையில் என்ன நிலைமை? எந்த ஸ்பிண்டில் எத்தனை நிமிஷம் நின்றது, ஒரு ஷிப்டில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று கணக்கு எழுதுவது இப்போது மேஸ்திரியல்ல. மிஷினோடு பிணைத்த பெட்டி எழுதுகிறது. மேஸ்திரியோடாவது வாக்குவாதம் செய்யலாம். பெட்டியோடு என்ன வாக்குவாதம் செய்வது?

ஆக, உழைப்பாளி ஜனங்கள் கம்ப்யூட்டரிடம் உத்தரவு வாங்கும் நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு உத்தரவு எழுதுகிறவன் யார், எந்தக் கணக்கில் எழுதுகிறான், எங்கே தப்பு செய்கிறான் என்று கண்டுபிடிக்கும் ஞானம் நம் பிள்ளைகளுக்கு வேண்டுமா, வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் வேண்டும் என்று நாம் கேட்பது இதற்காகத்தான். பெங்களூருக்குப் போய்க் கழுத்தில் பட்டை மாட்டிக்கொள்வதற்காக மட்டும் அல்ல.

பதினொன்றாம் வகுப்பு வரை பொறுத்திரு!

பரமக்குடியிலேயே கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கம்ப்யூட்டர் புத்தகம் உண்டு, தனி பீரியட் உண்டு. நயினார்கோவில் பக்கத்து கிராமத்தில் சர்க்கார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு? கணினி அறிவியல் என்பது முறையான பாடமாக, புத்தகத்தோடும் பரீட்சையோடும் அவனுக்குக் கிடைப்பது பதினொன்றாம் வகுப்பில்தான். அதுவும் அவன் சேரும் மேல்நிலைப் பள்ளியில் அந்தக் குரூப் இருந்து, அதில் இடமும் கிடைத்தால்! பத்து வருஷம் பின்னால் நிறுத்திவிட்டு, "இனி ஓடு, சமமான போட்டி" என்று கொடி அசைக்கிறார்கள். ஓட்டத்தில் தோற்றால் கிராமத்துப் பிள்ளைக்கு மூளை மட்டு என்று பேசுவதற்கும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய வழியே இல்லாமல் போகவில்லை. 2011-இல் சமச்சீர் கல்வியின் கீழ் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி அறிவியலைப் பாடமாகக் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. புத்தகங்கள் அச்சாயின. அந்த வருஷமே ஆட்சி மாறிற்று. பாடம் போன இடம் தெரியவில்லை. அச்சடித்த புத்தகம் பிள்ளைகள் கைக்கு வரவில்லை. சமச்சீர் கல்வியையே கிடப்பில் போடப் பார்த்து, உச்ச நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகுதான் மற்றப் பாடங்களை விநியோகித்தார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கணினிப் பாடத்துக்கு மட்டும் அந்த யோகமும் இல்லை. ஒரு கட்சி கொண்டுவந்ததை மறு கட்சி தூக்கி எறிந்தது. சரி, 2021-இல் பழைய கட்சியே திரும்ப வந்ததே, தூக்கி எறிந்ததைத் தேடி எடுத்ததா? எடுக்கவில்லை. ஏழைப் பிள்ளையின் பாடம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே ஞாபக மறதி!

அதே 2011 செப்டம்பர் 15-இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் லட்சோப லட்சம் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அதை நாம் கேலி செய்யப்போவதில்லை. கூலிக்காரன் குடிசையில் அந்தப் பெட்டி புகுந்தது நல்ல காரியம். அதை வைத்துத் தட்டச்சு பழகி, டிசைன் பழகிப் பிழைக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் பாடத்தை ரத்து செய்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் பெட்டியைக் கொடுப்பது எப்படி இருக்கிறது? உழவு தெரியாதவனிடம் டிராக்டர் சாவியைக் கொடுத்தது போல இருக்கிறது. வாக்கு வாங்கப் பெட்டி உதவும், உபாத்தியாயர் உதவமாட்டார். அவருக்கு மாதாமாதம் சம்பளம் அல்லவா கொடுக்க வேண்டும்!

கூலிக்கு ஓர் உபாத்தியாயர்

சங்கதி இங்கேதான் இருக்கிறது, தோழர்களே. பெட்டி வாங்க டெண்டர் உண்டு. டெண்டர் என்றால் எல்லோருக்கும் உற்சாகம். ஆசிரியர் என்றால் பணியிடம், காலமுறைச் சம்பளம், ஓய்வூதியம். அங்கேதான் கஜானா திடீரென்று காலியாகிவிடுகிறது.

1999-இல் சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் தொடங்கியபோதே ஆசிரியரை நேராக நியமிக்கவில்லை. காண்டிராக்டில் ஆள் பிடித்தார்கள், தொகுப்பூதியம் கொடுத்தார்கள். அவர்கள் எட்டு, ஒன்பது வருஷம் பாடம் நடத்தி, பிள்ளைகளைப் பரீட்சையில் தேற வைத்தார்கள். அப்புறம் 2008-இல் அவர்களுக்கே ஒரு பரீட்சை வைத்தார்கள். எத்தனை சதவீதம் வாங்கினால் பாஸ் என்பதில் சர்க்கார் ஒன்று சொல்ல, வழக்கு ஒன்று சொல்ல, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. முடிவில் 652 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த 652 இடங்களுக்குப் பிறகு பதிவு மூப்பின்படி வேறு ஆட்களை எடுத்தார்கள். வந்தவர்களும் வேலையில்லாமல் காத்துக் கிடந்தவர்களே, அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவனைத் தெருவில் விட்டது யார் குற்றம்? முதல் நாளே ஒழுங்காக நியமித்திருந்தால் பரீட்சை ஏது, வழக்கு ஏது? பஞ்சாலையில் பதிலி என்று சேர்த்துப் பதினைந்து வருஷம் பதிலியாகவே வைத்திருந்து, கடைசியில் "உனக்குத் தகுதி இல்லை" என்கிற தந்திரம் உங்களுக்குப் புதிதா?

2012-இல் இன்னொரு வகை கண்டுபிடித்தார்கள்: பகுதி நேர ஆசிரியர். உடற்கல்வி, ஓவியம், தையல், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளிக்கூடம் இல்லையாதலால் சம்பளமும் இல்லை. மே மாதத்தில் ஆசிரியனுக்கு வயிறும் இராது என்று கல்வி இலாகா முடிவு கட்டிவிட்டது போலும்! அவர்களை நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது, எண் 181. அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே சென்னைத் தெருக்களில் அந்த ஆசிரியர்கள் போலீஸ் வேனில் ஏறினார்கள். 12 வருஷம் கழித்து, 2024-இல், சம்பளம் 12,500-க்கு வந்து நின்றது.

அடுத்தது ஆய்வகம். 2019-ஐ ஒட்டி 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்தார்கள். பிறகு நடுநிலைப் பள்ளிகளுக்கும் லேப், வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு என்று ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டர் கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்துக்குப் போயிற்று. லேபில் பாடம் நடத்துவது யார்? நடுநிலைப் பள்ளிகளுக்கு 2024-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனாவுக்குப் பிறகு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலை வகுப்பு நடத்திய சகோதரிகள். அவர்களுக்கு நீளமான பட்டம் ஒன்று சூட்டினார்கள்: நிர்வாகி மற்றும் பயிற்றுநர். சம்பளம் 11 ஆயிரம் சொச்சம். வேலை? முதலில் எமிஸ் பதிவு. ஆசிரியர்கள் தலையில் இருந்த வருகைக் கணக்கு, சத்துணவுக் கணக்கு, சீருடைக் கணக்கு எல்லாம் இவர்கள் தலைக்கு மாறியது. அது முடிந்து நேரம் மிஞ்சினால் பாடம்! அந்தச் சகோதரிகளைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது, அவர்களும் கூலிக்காரர்களே. அண்டை மாநிலத்துப் பொதுத்துறை என்பதற்காக அந்த நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்கவும் போவதில்லை. பெட்டி கொடுப்பது கம்பெனியின் வேலை. பாடம் நடத்துவது சர்க்காரின் வேலை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

இத்தனைக்கும் படித்த ஆட்களுக்குப் பஞ்சமா? கணினி அறிவியலில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் இரண்டு வருஷம் பி.எட். படித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பரமக்குடியில் செல்போன் கடையிலும் ஜவுளிக் கடையிலும் அவர்களைப் பார்க்கலாம். 2019-இல் மேல்நிலைப் பள்ளிகளுக்கு 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்குப் பரீட்சை நடந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பரீட்சையே பல மையங்களில் சர்வர் படுத்து நின்றது, மறுபடி நடத்தினார்கள். ஆறு முதல் பத்து வகுப்புக்குக் கணினியில் பட்டதாரி ஆசிரியர் என்ற பணியிடமே கிடையாது. இடமே இல்லாததால் தகுதித் தேர்விலும் அவர்களுக்கு ஒரு பாடம் கிடையாது. ஆனால் பி.எட். கல்லூரிகள் மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளைச் சேர்த்துக்கொண்டே இருந்தன. இல்லாத ஊருக்கு டிக்கெட் விற்கிறவனை நாட்டில் என்னவென்று சொல்வார்கள்?

தறியும் பெட்டியும்

நமது நெசவாளத் தோழர்கள் இந்தப் பாடம் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டரின் பாட்டன் தறிதான். பிரான்சு தேசத்தில் லியோன் என்ற பட்டு நெசவு நகரத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் ஓட்டை போட்ட அட்டைகளால் பாவு இழையைத் தூக்கும் கருவியைச் செய்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை எழும், இல்லாவிட்டால் படுத்திருக்கும். உண்டு, இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைக் கோத்தே முந்தானையில் மயிலும் மாங்காயும் வந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் பாபேஜ் அந்த அட்டையைக் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார். அமெரிக்காவில் 1890-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை ஹொலரித் என்பவர் ஓட்டை அட்டையால்தான் எண்ணினார். இன்றைய கம்ப்யூட்டரும் அதே உண்டு, இல்லையைத்தான் கோடி கோடியாக அடுக்குகிறது. அதே லியோன் நெசவாளர்கள்தான் 1831-இல் கூலி விகிதம் கேட்டுக் கிளர்ந்து, நகரத்தையே சில நாள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எமனேஸ்வரத்தில் ஒரு மூத்த நெசவாளியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நாப்பது வருஷமா அந்த அட்டையை மிதிச்சுக்கிட்டிருக்கேன் தோழரே. என் பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தா, அவனை என் தறிக்கே கூட்டியாந்து பாடம் நடத்தலாமே!" என்றார். பாருங்கள், பாடத்திட்டம் வகுக்கும் மேதாவிகளுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. வைகைக் கரையில் உள்ள பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடு தூரத்தில் தறி என்ற ஆய்வகம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பாடமாக்கத் தெரிந்த உபாத்தியாயர்தான் இல்லை.

அவர்கள் சொல்லும் வாதங்கள்

"நீங்கள்தானே கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்? இப்போது எந்த முகத்தோடு கேட்கிறீர்கள்?" என்று சிலர் நையாண்டி செய்கிறார்கள். ஆம், 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் கட்டிடத்து வாசலில் இரவு பகலாகக் காவல் நின்று கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் தடுத்தார்கள். எதற்கு? இருக்கிற வேலையைப் பறித்து, இல்லாதவனுக்கும் வேலை இல்லாமல் செய்யும் கருவியாக அதை இறக்கினார்கள் என்பதால். அந்தப் பயம் வெறும் பயமா? ஆட்டோ கோனர் இறங்கிய மில்லில் வைண்டிங் பெண்கள் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மிஷின் யார் கையில், லாபம் யார் பையில் என்பதே அன்றும் கேள்வி, இன்றும் கேள்வி. மிஷினைப் பற்றிய அறிவு நமக்கு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொன்னதில்லை.

"கையில் செல்போன் இருக்கிறது, பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்" என்பது இரண்டாவது வாதம். பஸ்ஸில் ஏறத் தெரிந்தவன் என்ஜின் கற்றவன் ஆகிவிடுவானா? படம் பார்க்கவும் விளையாடவும் கடன் செயலியில் மாட்டிக்கொள்ளவும் போன் கற்றுக்கொடுக்கும். ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு படிகளாக உடைப்பது, படிகளை வரிசைப்படுத்துவது, எந்தப் படியில் பிசகு என்று தேடிப் பிடிப்பது, இதெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டிய வித்தை. இதைத் தொடங்கப் பெட்டிகூடத் தேவையில்லை. ஐந்நூறு பேர் உள்ள மஸ்டர் ரோலில் ஒரு பெயரை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தேடுவதற்கும், அகர வரிசைப்படுத்தி நடுவில் திறந்து பாதியைத் தள்ளித் தள்ளித் தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையிலேயே காட்டலாம். முதல் வழியில் ஐந்நூறு தடவை வரை பார்க்க வேண்டும். இரண்டாவது வழியில் ஒன்பது தடவை போதும். இதைப் பார்த்த பிள்ளையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் போனில் இல்லை.

மூன்றாவது வாதம் சற்றுத் தந்திரமானது: இருக்கிற கணக்கு, அறிவியல் ஆசிரியருக்கே சில நாள் பயிற்சி கொடுத்தால் போதாதா? செயற்கை நுண்ணறிவு, கோடிங், ரோபோ என்று 2025-இல் ஆறாம் வகுப்பு முதல் திட்டம் அறிவித்தது தமிழக சர்க்கார். மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவு என்று அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது டில்லி சர்க்கார். சத்தம் பலமாக இருக்கிறது. ஆனால் சில நாள் பயிற்சியில் ஸ்லைடு காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் ஆசிரியருக்கே பிடிபடாது. பிள்ளைக்கு எப்படிப் பிடிபடும்? பயிற்சி என்றால் ஒரு முறை கொடுப்பதல்ல. இந்தத் தொழில் ஐந்து வருஷத்தில் சட்டை மாற்றிக்கொள்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தையே பாருங்கள். 2019-இல் வந்த புதுப் புத்தகத்தில் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளைப் பாடமாக வைத்தார்கள். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல்! நமது ஊர் அச்சகத்துத் தோழரைக் கேட்டால் அதன் ஆயுசுக் கணக்கை அவரே சொல்லியிருப்பார்.

கேரளத்தில் என்ன செய்தார்கள்? அங்கும் தேனும் பாலும் ஓடவில்லை. உயர்நிலைப் பள்ளியில் வேறு பாடம் நடத்தும் ஆசிரியர்தான் கம்ப்யூட்டர் பாடத்தையும் நடத்துகிறார். ஆனால் 2001-இல் தொடங்கிய திட்டத்தைக் கட்சி மாறி மாறி ஆண்டபோதும் யாரும் குப்பையில் போடவில்லை. எட்டு முதல் பத்து வரை அதைக் கட்டாயப் பாடமாக்கினார்கள், 2005 முதல் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் சேர்த்தார்கள். ஒரே கம்பெனியின் மென்பொருளைப் பிள்ளைகள் தலையில் கட்டப் பார்த்தபோது அங்குள்ள ஆசிரியர் சங்கம் எதிர்த்து நின்றது. யாரும் காசில்லாமல் பிரதி எடுத்துக்கொள்ளக் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். ஆசிரியர் பயிற்சிக்கென்றே சர்க்காரின் சொந்த நிறுவனம் இருக்கிறது. 2024-இல் 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்கியது அதுதான். பாடம் நேர அட்டவணையில் நிலையாக நின்றதால் பயிற்சியும் நிலைத்தது. இங்கே பாடமே இல்லாதபோது எதற்குப் பயிற்சி?

"பணம் இல்லை" என்பது எப்போதும் உள்ள வாதம். இதில் டில்லியின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் நடுநிலைப் பள்ளியிலேயே கோடிங் என்று எழுதினார்கள். அந்தக் கொள்கையோடு கட்டிய பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்குரிய 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குக் கொடுக்காமல் நிறுத்தினார்கள். சம்பளத்துக்குத் தவித்தவர்கள் அந்தப் பகுதி நேர ஆசிரியர்கள்தாம். தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. ஒரு கையில் உபதேசப் புத்தகம், மறு கை கஜானாப் பூட்டில்! நம் ராமநாதபுரத்தை 2018-இல் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பட்டியலில் சேர்த்தவர்களும் இதே கனவான்களே. ஆனால் டில்லியைக் காட்டிச் சென்னை தப்பித்துக்கொள்ளக் கூடாது. 1999-லும் 2012-லும் காண்டிராக்ட் முறையைத் தேர்ந்தெடுத்தது சென்னைக் கோட்டைதான்.

நாம் கேட்பது வானத்து நட்சத்திரம் அல்ல. ஆறு முதல் பத்து வரை கணினி அறிவியலுக்கு வாரத்தில் நிர்ணயிக்கப்பட்ட பீரியட், புத்தகம், பரீட்சை. பள்ளிக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் பணியிடம், காலமுறைச் சம்பளத்தில். இப்போது லேபில் வேலை செய்யும் சகோதரிகளில் தகுதியுள்ளவர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்களைப் படிக்க வைத்து உயர்த்த வழி. எமிஸ் வேலைக்குத் தனி எழுத்தர். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலேயே ஆண்டுதோறும் பயிற்சி. பரமக்குடிக்குப் பக்கத்தில் மஞ்சூரில்தான் அது இருக்கிறது. அங்கே கணினித் துறையைப் பலப்படுத்தினால் நம் ஆசிரியர் மதுரைக்கு எண்பது கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009-ஆம் வருஷத்துச் சட்டம். நாற்காலி போட்டு டீ கொடுத்துக் கையெழுத்து வாங்குவதற்காக அந்தக் குழு ஏற்படவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: லேபில் எத்தனை பெட்டி இருக்கிறது, எத்தனை ஓடுகிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளை கடந்த மாதம் எத்தனை மணி நேரம் அதில் உட்கார்ந்தாள்? சொல்லிக்கொடுத்தது யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? கரண்டு பில் யார் கட்டுகிறார்கள்? தலைமை ஆசிரியரை மடக்குவதற்காகக் கேட்க வேண்டாம்; பெரும்பாலும் அவரும் நம் பக்கத்து ஆள்தான். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நமது கிளைத் தோழரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். நயினார்கோவில், போகலூர், கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களிலிருந்து வரும் நகல்களைச் சேர்த்து, பள்ளிவாரியாக இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம். அதையே மாவட்டக் கல்வி அலுவலர் மேஜையிலும் வைப்போம்.